வாகை மரம் குடித்த தண்ணீர்

புதுவீட்டுக்குக் குடிவந்த முதல் ஐப்பசியில் ஒருநாள் காலை, படுக்கையறைக் கதவு திறக்க மறுத்துவிட்டது. நான் உள்ளே இருந்தேன். தாழ்ப்பாள் போடவில்லை; கதவின் மேல்முனை நிலைச்சட்டத்தில் இறுகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். சுவரில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. ஏழேகாலுக்கு ராஜபாளையம் பஸ். அங்கே ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைக் காக்கவைக்க முடியாது.

ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பின்வாசல் கூட்டிவிட்டுக் கதவைச் சாத்தாமல் வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அக்கா அந்த வழியாக உள்ளே வந்தாள்.

"ஏட்டி, செத்த தள்ளி நில்லு" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. தோளைக் கொடுத்து ஒரே இடி. கதவு திறந்து சுவரில் மோதியது. அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். "புது வீடுன்னா இப்படித்தான் இருக்கும். மரம் ஊதியிருக்கும்" என்றாள்.

வடகிழக்கு எல்லையில் ராணுவத்தில் இருந்த என் கணவரும் போனில் அதையேதான் சொன்னார். ஆசாரி வந்து கதவின் தலையை இழைத்துவிட்டுப் போனார். தை கழிந்ததும் அதே கதவுக்கு மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. பங்குனியில் அதே அறையின் தென்மேற்கு மூலையில், ஜன்னலின் மேல்முனையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு கீறல் விழுந்தது. முதலில் தலைமுடி அளவுதான் இருந்தது.

அந்தக் கீறலைப் பார்த்த அன்றே எனக்கு நிம்மதி போய்விட்டது. அதற்குக் காரணம் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது கான்சாபுரத்தில். மலையடிவாரம். அங்கே தண்ணீர் வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஓடையில் வரும், வாய்க்காலில் திரும்பும், வயலில் நிற்கும், வடியும். வீட்டுக்கு அடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. நாங்கள் மனை வாங்கியதோ ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, சில வருடங்களுக்கு முன்புவரை பருத்தி விளைந்த கரிசல் காட்டில், அதன் ஓரத்தில் முன்பே இருந்த அக்காவின் வீட்டை ஒட்டி. மனை பார்க்கப் போனது சித்திரை மாதம். தரை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் என் கணவர் குடையை விட்டுப் பார்த்தார். கைப்பிடிவரை உள்ளே போனது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம். ஒரு மழை பெய்தால் எல்லாம் மூடிக்கொள்ளும் என்று புரோக்கர் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை.

அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டி வானம் தோண்டியபோது என் கணவரின் விடுமுறை முடியப் பன்னிரண்டு நாட்கள்தான் இருந்தன. கொத்தனார் சுந்தரபாண்டியத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். ஐந்தடிக் குழியில் இறங்கி நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "யம்மா, இன்னும் கரிசல் போகுது. இதுக்குக் கீழ வெள்ளையாச் சுக்கான் மண்ணு வரும், அது கெட்டி. அதுவரைக்கும் போயிருவோம். கரிசல் ஒரு எடத்துல இருக்காது."

"இன்னும் எத்தன நாளாகும் அண்ணாச்சி?"

"நாலஞ்சு நாளாவது ஆகும்."

கணவர் ஊரில் இருக்கும்போதே தளமட்டம்வரை எழுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அவர் போன பிறகு நான் தனியாக மண்ணோடும் ஆட்களோடும் மல்லுக்கட்ட வேண்டும். "இது போதும், கட்டுங்க" என்று சொன்னது நான்தான். கணவர் என் முகத்தைப் பார்த்தார், கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் குழியிலிருந்து ஏறி வந்து கை கழுவினார்.

அதனால் சுவரில் விழுந்த கீறலை யாரும் எனக்குச் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரத்தம் எடுத்து வைக்கும் குழாய் ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் சுவரிலும் எழுத ஆரம்பித்தேன். கீறல் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வாரத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்தது, பிறகு தினமும் காலையில் பல் விளக்கும் முன்பே போய்ப் பார்ப்பதாக ஆயிற்று. மாலை பஸ்ஸை விட்டு இறங்கினால் செருப்பைக் கழற்றும் முன் அந்த மூலைக்குப் போவேன். விடுதியில் தங்கிப் படித்த மகள் லீவுக்கு வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது பள்ளிக்கூடத்து போர்டு மாதிரி இருக்கு" என்றாள். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

"செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காத. பாத்தா நின்னுருமா?" என்பார் கணவர் போனில்.

பார்க்காவிட்டாலும் நிற்காதே என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழைக்குப் பிறகு, கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் நனைந்தார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து, இவ்வளவும் எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கண்மாய்க்குப் போகும், கிணற்றுக்குப் போகும். மிச்சம் கிழக்கே போய்க் கரிசலுக்குள் இறங்கும். எங்கள் வீட்டின் கீழே இருக்கும் மண் இந்நேரம் எவ்வளவு குடித்திருக்கும்? அது நினைவுக்கு வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கீறல் முந்தின நாளைவிடச் சற்றுக் குறுகியிருந்தது. ஒரு மழைக்கே மண் ஊறிவிட்டது. மூடுகிறதே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. ஒரு சுவர் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் அது என்ன சுவர்?

அடுத்த கோடையில் கீறலுக்குள் ஐந்து ரூபாய்க் காசு நின்றது. கொத்தனாரை வரச் சொன்னேன்.

அவர் வந்து சுவரைப் பார்க்கவில்லை. வெளியே போய் அந்த மூலையில் நின்று, மேலே அண்ணாந்து பார்த்தார். பக்கத்து வீட்டு அக்காவின் வாகை மரம் எங்கள் மொட்டைமாடிவரை கிளை பரப்பியிருந்தது. கோடையில் அதன் காய்ந்த நெற்றுகள் காற்றுக்குக் கலகலவென்று சத்தம் போடும். ஒரு நிமிடம் ஓயாது. கொத்தனார் மூலையையொட்டி இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டினார். என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர் எங்கள் அஸ்திவாரத்துக்குள் போயிருந்தது. அந்தக் குழி மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு வீட்டின் எதிர்மூலைக்குப் போய் அதே ஆழத்துக்கு வெட்டினார். அந்த மண்ணைக் கையில் பிடித்து உருட்டிக் காட்டினார். உருண்டையாக நின்றது.

"இங்க ஈரம் இருக்கு, அங்க இல்ல. அங்கிட்டு இருக்க ஈரத்த மரம் குடிக்கு. கரிசல்ல ஈரம் போச்சுன்னா மண்ணு சுருங்கிரும். அந்த மூலை எறங்குது, இந்த மூலை நிக்கி. நடுவுல செவுரு என்ன செய்யும், கிழியத்தான் செய்யும்."

"அப்ப மரந்தான் காரணமா அண்ணாச்சி?"

"மரமும்" என்றார் அவர்.

அந்த 'உம்' எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். ஒரு வருடத்துக்கு மேலாக என்னை நானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, வெட்டி எடுக்கக்கூடிய ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் காபி போட உள்ளே போய்விட்டேன்.

அக்கா தையல்காரி. கணவர் இறந்த பிறகு தையலில்தான் குடும்பம் ஓடியது. அவள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. காலை ஒன்பது மணிக்கு மிஷினை வாகை மரத்தடிக்கு நகர்த்திப் போட்டால் வெயில் தாழும்வரை அங்கேதான் இருப்பாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்களும் அங்கேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. என் ரவிக்கைகளும் அந்த நிழலில் தைத்தவைதான்.

அடுத்த நாள் மாலையே போய்க் கேட்டேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள்.

"வேர மட்டும் வெட்டுனா ஆகாதா?" என்றாள்.

"மறுபடி வந்துரும்க்கா."

"நான் இந்த வீட்டுக்கு வாழ வரும்போது இது என் இடுப்பு ஒசரந்தான் இருந்துச்சு. இத வெட்டிட்டா நான் மிஷின எங்கன போடுவேன்?"

"தகரத்துல நான் ஷெட் போட்டுத் தாரேன்."

"தகரம்" என்றாள்.

நான் விடவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாக்கில் போனேன். ஒருநாள் அவளைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன். தேதி எழுதிய பென்சில் கோடுகளை எல்லாம் அவள் குனிந்து பார்த்தாள். "ராத்திரி இடிஞ்சு விழுந்தா நான் ஒத்தையில என்னக்கா செய்வேன்" என்றேன். அப்படி விழாது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

"வெட்டிக்கோ" என்றாள் அக்கா கடைசியில். "ஒத்தப் பொம்பள இருக்க வீடு. எனக்கும் பாவம் வேணாம்."

வைகாசியில் வெட்டினார்கள். இரண்டு ஆட்கள், ஒரு மெஷின் ரம்பம், ஒரே பகல். அக்கா அன்றைக்கு மதுரைக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டாள். மாலையில் திரும்பி வந்தவள், வெட்டவெளியாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஷெட் போட்டுக் கொடுத்தேன். மூன்று நாட்கள் அதில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மிஷினை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையின் ஓரத்தில் இடம் பிடித்துப் போய்விட்டாள். பகலில் அவள் வீடு பூட்டியே கிடந்தது.

கீறல் நின்றது. ஆனி, ஆடி, ஆவணி, மூன்று மாதமும் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. புரட்டாசி மழைக்கு மூட ஆரம்பித்தது. ஐப்பசியில் முழுவதும் மூடிக்கொண்டது. நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து எல்லாத் தேதிகளையும் அழித்தேன். பல் விளக்கிவிட்டுத்தான் இனிமேல் அந்தப் பக்கம் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து நாள் அப்படி இருந்தும் பார்த்தேன்.

கார்த்திகை அடைமழையில் ஒரு பிற்பகல், அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி தானாகவே குறுக்கே விரிசல் விட்டது. நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுவாரம் தரை ஓடுகள் மூலையில் புடைத்தன. காலில் இடறியது. சமையலறைக் கதவு, அதுவரை ஒரு தொந்தரவும் தராத கதவு, சாத்த முடியாமல் நின்றது. சுவரில் புதிதாக ஒரு கீறல். பழையது மேலே அகலமாக, கீழே குறுகலாக இருந்தது. இது கீழே அகலமாக இருந்தது. இறங்கிக்கொண்டிருந்த மூலை இப்போது எழும்பிக்கொண்டிருந்தது.

கொத்தனார் குடையோடு வந்தார். பழைய குழியை மறுபடி தோண்டினார். பொடியாக உதிர்ந்த அதே இடத்தில் மண் இப்போது கறுத்து, சோப்புப் போல வழுக்கியது. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"எத்தனை வருசமா அந்த மரம் இங்க ஈரமே தங்க விடல. மண்ணு தாகத்துல கெடந்துச்சு. இப்ப மரம் இல்ல. வாரதெல்லாம் மண்ணே குடிக்கு. குடிச்சா ஊதும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"அதோட தாகம் தீருறவரைக்கும். ரெண்டு வருசமும் ஆவும், நாலு வருசமும் ஆவும்." பிறகு மேலே கையைக் காட்டினார். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப் நேராக அந்த மூலையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. "இதையும் நாம கொண்டாந்து இங்கனதான் ஊத்துதோம். அன்னைக்கே மரத்த அவசரப்பட்டு வெட்டவேண்டாம்னு சொல்ல வந்தேன். நீங்க உள்ள போயிட்டிய."

நான் நனைந்துகொண்டு நின்றேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்தார். பிறகு அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "அங்கயும் தூக்கியிருக்கு" என்றார்.

அக்காவின் குளியலறைச் சுவர், மரம் நின்ற இடத்தையொட்டி, கீழிருந்து மேலாகப் பிளந்திருந்தது. அவர்களுடையது பழைய கட்டடம். என் சுவரைவிட மோசமாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையில் ஒருநாள் ஒருவருடைய ரத்தம் இருந்த குழாயில் இன்னொருவர் பெயரை ஒட்டப் போய், கடைசி நேரத்தில் பார்த்துத் திருத்தினேன். அக்காவிடம் சொல்லாமல் விட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மழைக்குப் பழைய சுவர் பிளந்தது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என் கணவரிடம் கேட்டேன். "சொல்லிரு. நீ சொல்லாம இருக்க மாட்ட. சொல்லுறவரைக்கும் என்னையும் இருக்க விட மாட்ட" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அக்கா குளியலறை வாசலில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டிருந்தாள். நான் மரம், மண், தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் அன்றைக்கே சொல்ல வந்ததையும், நான் கேட்காமல் உள்ளே போனதையும், வீடு இடியாது என்று தெரிந்துகொண்டே அவளிடம் மறைத்ததையும் சொன்னேன்.

அக்கா சேலையின் இன்னொரு முனையை ஆணியில் கட்டி முடித்தாள்.

"இடிஞ்சு விழுந்துரும்னு சொன்னியேட்டி" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ தெரியாம வெட்டுனது கூடப் பெருசில்ல. இடிஞ்சு விழும்னு பொய் சொன்ன பாரு, அதான்." சேலையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "எனக்குக் கோவம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தச் செவுத்துக்கு இப்ப என்ன செய்யணும்னு அவியகிட்ட கேட்டியா?" என்றாள்.

கேட்டிருந்தேன். இரண்டு வீடுகளையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். ஒன்றைக் காயவைத்துவிட்டு இன்னொன்றை நனையவிட்டால் மறுபடியும் இதே கதைதான். தை மாதம் வேலை தொடங்கியது. என் மாடித் தண்ணீரையும் அக்காவின் கூரைத் தண்ணீரையும் பைப் வைத்துத் தெருவோர ஓடைக்குக் கொண்டுபோனோம். இரண்டு வீடுகளைச் சுற்றியும் நாலடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்பக்கமாகச் சாய்வு கொடுத்தார் கொத்தனார். சுவரோரம் தண்ணீர் இறங்கக் கூடாது. வெயிலும் நேராக மண்ணைச் சுட்டுக் காயவைக்கக் கூடாது. ஈரம் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் மண்ணும் சும்மா இருக்கும். அக்காவின் குளியலறைச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது கொத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளை தட்டுறவரைக்கும் போங்க அண்ணாச்சி" என்றேன். ஏழரையடியில் சுக்கான் வந்தது. பல்லில் கடித்தால் நறநறவென்று இருக்கும் போலத் தோன்றிய அந்த வெள்ளை மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

மண்ணின் தாகம் தீர மூன்று மழைக்காலம் ஆயிற்று. இப்போதும் வீடு முழுதாக அடங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீறலில் சிமெண்ட் வைத்தால் மறுபடி பிளக்கும் என்று ரப்பர் மாதிரி இளகிக் கொடுக்கும் பசையை வைத்து மூடியிருக்கிறோம். கையை வைத்தால் மெத்தென்று இருக்கும். ஓய்வுபெற்று வந்த என் கணவர் முதல் மாதம் அதைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது மாதம் அவரே காலையில் எழுந்து போய் மூலையைப் பார்ப்பதைக் கவனித்தேன்.

அக்கா கடையோரத்திலேயே தைக்கிறாள். அங்கே வியாபாரம் கூடியிருப்பதாகச் சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா என்று தெரியவில்லை. முன்பு மாதிரி அவள் வீட்டுக்குள் நான் கேட்காமல் நுழைவதில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிறேன். அவளும் வாசலுக்கு வந்துதான் பேசுகிறாள்.

போன கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. தெருவோர ஓடை குப்பை அடைத்து எதிர்த்துக்கொண்டு, தண்ணீர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்துக்குள் திரும்பியது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா ஏற்கெனவே முட்டிக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த முனையில் நின்றாள். என் கணவர் கம்பியால் ஓடையைக் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என் பக்கம் தள்ளாத. ரோட்டப் பாத்துத் தள்ளு" என்று கத்தினாள் மழைச் சத்தத்துக்கு மேலே.

ரோட்டைப் பார்த்துத் தள்ளினேன். அவளும் தள்ளினாள். தண்ணீர் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. மதியத்துக்கு மேல் ஓடை அடைப்பு எடுபட்டு, ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு போயிற்று. அக்கா சந்தின் சிமெண்ட் தளம் எங்கேயாவது அசைகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்குள் போனாள்.